டிஜிட்டல் கேமரா பிலிமை எந்த வருஷம் எட்டிப் பிடித்தது?

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரே ரோலில் எடுத்த படங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் நாலு படத்தில் பொங்கல் பானை. கடைசி நாலில் தீபாவளிப் புதுச்சட்டை. நடுவில் ஒரு காதுகுத்து, ஒரு கோயில் வாசல், யாரென்று இப்போது யாருக்கும் தெரியாத ஒரு மாமா. 36 படத்தை முடிக்கப் பத்து மாதம் ஆகியிருக்கிறது. பாதி ரோலைக் கழுவக் கொடுப்பது காசைக் கரியாக்குகிற வேலை என்பது அப்பாவின் கொள்கை. 36 முடிந்த பிறகும் லீவரைத் தள்ளிப் பார்ப்பார். 37ஆவது படம் விழுந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

இன்றைக்குப் பந்தியில் ஒரு இலைக்கே 36 படம் எடுக்கிறோம். நடுவில் நடந்ததைத்தான் டிஜிட்டல் பிலிமை எட்டிப் பிடித்த கதை என்கிறார்கள். எந்த வருஷம் பிடித்தது என்று கேட்டால் ஒருவர் 1999 என்பார், இன்னொருவர் 2003, மூன்றாமவர் 2007. இன்னும் பிடிக்கவே இல்லை என்று சாதிப்பவரும் உண்டு. நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படத்தின் தரம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது, கேமராவின் விலை இன்னொரு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சந்தித்த இடம் ஆளுக்கு ஆள் வேறு. கேமரா பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பிலிம். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் ஜெலட்டின் பூச்சு. அந்தப் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள். வெளிச்சம் பட்ட துகளில் ஒரு சின்ன மாற்றம் நடக்கும். கழுவும்போது ரசாயனம் அந்தத் துகளை மட்டும் கறுப்பு வெள்ளித் துணுக்காக மாற்றிவிடும். கலர் பிலிம் என்றால் நீலம், பச்சை, சிவப்பு மூன்றுக்கும் தனித்தனி அடுக்குகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இந்தப் பூச்சு வேலையைத் தூசு இல்லாத இடத்தில், இருட்டிலேயே செய்ய வேண்டும். நம் ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இந்த வேலையைத்தான் செய்தது. கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து 'இந்து' என்ற பெயரில் வந்தன. ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது.

டிஜிட்டல் கேமராவில் பிலிம் இருந்த இடத்தில் ஒரு சிலிக்கான் சில்லு உட்கார்ந்திருக்கிறது. சென்சார் என்பது அதுதான். அதன் முகத்தில் லட்சக்கணக்கான குட்டிக் குடங்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடமும் ஒரு பிக்சல். பத்து லட்சம் குடம் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். வெளிச்சம் விழ விழக் குடத்தில் மின்னூட்டம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எண்ணாக எழுதிக்கொள்வார்கள். உங்கள் படம் என்பது அந்த எண்களின் பட்டியல்.

இதில் ஒரு சூட்சுமம். குடத்துக்கு நிறம் தெரியாது, அளவு மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு குடத்தின் மேலும் ஒரு வண்ணக் கண்ணாடி மூடி போடுகிறார்கள்: பாதிக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1970களில் கொடுத்த யோசனை இது. இன்று உங்கள் செல்போனிலும் அடிப்படை இதுதான். பச்சை மூடி போட்ட குடத்துக்குத் தன் இடத்தின் சிவப்பும் நீலமும் தெரியாது. பக்கத்துக் குடங்களைப் பார்த்துக் கேமரா ஊகித்துக்கொள்கிறது. பெரும்பாலும் சரியாக ஊகிக்கும். நெருக்கமான கோடு போட்ட சட்டையில் மட்டும் சில சமயம் தடுமாறி, இல்லாத வானவில் அலைகளைப் போட்டுவிடும். பிலிமில் ஒரே இடத்தில் மூன்று நிறமும் பதிவாவதால் அந்தத் தொல்லை கிடையாது. ஆக, 6 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது முழுசாக 6 கிடையாது என்பதை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஓட்டம் எங்கே தொடங்கியது? 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற சென்சார் சில்லைக் கண்டுபிடித்தார்கள் (இதற்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது). 1975இல் கோடாக்கின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாசன் அப்படி ஒரு சில்லை வைத்துக் கையில் தூக்கக்கூடிய ஒரு கேமராவைக் கட்டினார். தூக்கலாம், ஆனால் எடை மூன்றரை கிலோவுக்கு மேல். குடங்கள் 100க்கு 100, மொத்தம் பத்தாயிரம். அதாவது ஒரு மெகாபிக்சலில் நூறில் ஒரு பங்கு. எடுத்த படத்தைப் பாட்டு கேசட் மாதிரி ஒரு டேப்பில் பதிய 23 வினாடி. பார்க்க வேண்டுமென்றால் டிவியில் போட்டுப் பார்க்க வேண்டும். பிலிம் விற்றுப் பிழைக்கிற கம்பெனிக்குள்ளேயே பிலிமுக்கு எமன் பிறந்த வேடிக்கையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுவோம். இது எப்போது பிலிமோடு போட்டி போடும் என்று மேலிடத்தில் கேட்டதற்குச் சாசன் 15, 20 வருஷம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். கிட்டத்தட்ட சரியான கணக்கு.

ஆனால் சிலருக்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. பிலிமை முதலில் கைவிட்டவர்கள் வானியல்காரர்கள். பிலிமில் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்குச் சில பங்குதான் படமாகும், மற்றதெல்லாம் வீண். நல்ல சிசிடி பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். ஒரு மங்கலான விண்மீன் கூட்டத்துக்காக இரவு முழுக்கத் தொலைநோக்கியில் தவம் கிடப்பவருக்கு இந்த வித்தியாசம் போதும். விலையைப் பற்றி அவர் கேட்கமாட்டார். 1990இல் மேலே போன ஹபிள் தொலைநோக்கியின் கேமராவுக்குள் இருந்ததும் சிசிடிதான். அந்த வருஷம் நாம் ரோல் வாங்கி 37ஆவது படத்துக்கு லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

அடுத்து மாறியவர்கள் பத்திரிகைப் படக்காரர்கள். 1991இல் கோடாக் ஒரு டிஜிட்டல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உடல் நிக்கான் எஃப்3 என்ற பிலிம் கேமராவுடையது, உள்ளே 1.3 மெகாபிக்சல் சென்சார். படங்களைச் சேமிக்கத் தோளில் மாட்டும் ஒரு தனிப் பெட்டி. விலை சுமார் 20,000 டாலர். இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று தோன்றும். மாலை ஆறு மணிக்கு முடிகிற ஆட்டத்தின் படம் ஏழு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டுமென்றால், ரோலை எடுத்துக்கொண்டு டார்க் ரூமுக்கு ஓடி, கழுவி, காயவைத்து, ஸ்கேன் செய்து, தொலைபேசிக் கம்பியில் அனுப்புகிற நேரத்துக்கு என்ன விலை என்று கேட்டால் விடை கிடைக்கும். அவர்கள் காசு கொடுத்தது நேரத்துக்கு.

1999இல் நிக்கான் டி1 வந்தபோது இந்தக் கணக்கு இன்னும் சுலபமாகிவிட்டது. 2.7 மெகாபிக்சல், சுமார் 5,000 டாலர். ரோல் வாங்கிக் கழுவ 7 டாலர் ஆகிறது, ஒரு பத்திரிகைக்காரர் நாளைக்குப் பத்து ரோல் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் செலவு 70 டாலர். இரண்டரை மாதத்தில் கேமராவின் விலை வந்துவிடும். அதற்கு அப்புறம் லாபம்.

தரம்? இங்கேதான் ஒரு சின்னக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். மெகாபிக்சல் என்ற சொல் அதற்கு அப்புறம் உங்களை ஏமாற்றாது.

ஒரு நல்ல போட்டோ பிரிண்டில் ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் கண்ணுக்குப் புள்ளியே தெரியாது. நாம் வழக்கமாகப் போடுகிற பிரிண்ட் 6 அங்குலம் நீளம், 4 அங்குலம் அகலம். 6ஐ 300ஆல் பெருக்கினால் 1,800. 4ஐப் பெருக்கினால் 1,200. இரண்டையும் பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம். அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். ஆல்பத்தில் ஒட்டும் படத்துக்கு அவ்வளவுதான் தேவை. ஹாலில் மாட்டுகிற 12க்கு 8 அங்குலப் படம் என்றால் 3,600 பெருக்கல் 2,400, அதாவது 86 லட்சத்துக்கும் மேல். பிரிண்டின் நீளமும் அகலமும் இரண்டு மடங்கானால் பிக்சல் நாலு மடங்கு வேண்டும். செய்தித்தாள் காகிதத்தின் சொரசொரப்புக்கு அங்குலத்துக்கு 200 போதும். டி1 படத்தின் அகலம் 2,000 பிக்சல். 200ஆல் வகுத்தால் பத்து அங்குலம். செய்தித்தாளில் கிட்டத்தட்ட முதல் பக்கத்தின் அகலத்துக்குப் படம் போடலாம். ஆகவே 1999 என்று சொன்னவர் பத்திரிகைக்காரராக இருந்தால் அவர் சொல்வது சரி.

பிலிமுக்கு எத்தனை மெகாபிக்சல் என்று உடனே கேட்கத் தோன்றும். 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர் இருக்கிற அந்தச் சின்ன நெகட்டிவை டிஜிட்டலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் 6இல் தொடங்கி 20க்கு மேல் வரை சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு இழுபறி ஏன் என்றால், பிலிமில் குடங்கள் இல்லை. துகள்கள் சிதறிக் கிடக்கின்றன, எண்ண முடியாது. முக்காலி போட்டு, நல்ல லென்ஸில், மெதுவான பிலிமில் (நிறைய வெளிச்சம் கேட்கும், துகள் சின்னது) எடுத்தால் ஒரு கணக்கு. கை நடுங்க, சாயங்கால வெளிச்சத்தில், வேகம் கூடிய 400 பிலிமில் எடுத்தால் வேறு கணக்கு. என்னைக் கேட்டால், வீட்டில் எடுத்த பெரும்பாலான ரோல் படங்களில் 6 மெகாபிக்சலுக்கு மேல் விவரம் கிடையாது. பிலிம் அதற்கு மேலும் தரும். நம் கையும் லென்ஸும் ஒத்துழைத்திருக்காது.

சரி, குடங்களைக் கூட்டிக்கொண்டே போகவேண்டியதுதானே, அதில் என்ன கஷ்டம்? விலை.

சென்சார்களை ஒரு வட்டமான சிலிக்கான் தட்டில் செய்து அப்புறம் துண்டு போடுகிறார்கள். வட்டத் தட்டில் பர்ஃபி ஊற்றிச் சதுரமாக வெட்டுகிற மாதிரியேதான். ஓரத் துண்டுகள் வீண். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில், பிலிம் நெகட்டிவ் அளவிலேயே துண்டு போட்டால் 25 சொச்சம் தேறும். அதில் பாதிக்கும் குறைவான பரப்பில், சுமார் 23க்கு 15 மில்லிமீட்டரில், வெட்டினால் 75 தேறும். இத்தோடு போகாது. தட்டில் பத்து இடத்தில் தூசு விழுந்துவிட்டது என்று வைப்போம். தூசு பட்ட துண்டு குப்பைக்கு. பெரிய துண்டு போட்டவருக்கு 25இல் பத்து போய் 15தான் மிஞ்சும். சின்னத் துண்டு போட்டவருக்கு 75இல் பத்து போய் 65 மிஞ்சும். ஒரே தட்டு, ஒரே செலவு. ஒருவருக்கு 15, இன்னொருவருக்கு 65. சென்சார் அளவு இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்கோடு நிற்காமல் எகிறுவதற்குக் காரணம் இதுதான்.

2002இல் கேனான் முழு நெகட்டிவ் அளவில், 11 மெகாபிக்சலில் 1டிஎஸ் என்ற கேமராவைக் கொண்டுவந்தபோது விலை சுமார் 8,000 டாலர். தரத்தில் பிலிமைத் தொட்டாயிற்று என்று அப்போதே பலர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த விலைக்கு எத்தனை பேர்? மற்றவர்களுக்குச் சின்னத் துண்டுதான் வழி. அதில் ஒரு சங்கடம். லென்ஸ் பழைய பிலிம் அளவுக்குச் செய்தது, சென்சார் சின்னது. படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுப் போகும். கூட்டத்தையே ஒரே படத்தில் அடக்கிய 28 மில்லிமீட்டர் லென்ஸ் இப்போது 45 மில்லிமீட்டர் லென்ஸ் மாதிரி குறுகிய காட்சியைத்தான் பிடிக்கும். அப்போது அகல லென்ஸ் வைத்திருந்தவர்கள் புலம்பியது இதற்காகத்தான்.

2003 ஆகஸ்ட் மாதம் கேனான் 300டி வந்தது. வெள்ளி நிறப் பிளாஸ்டிக் உடல். கையில் பிடித்தால் பொம்மை மாதிரி. 6.3 மெகாபிக்சல். அமெரிக்காவில் லென்ஸ் இல்லாமல் 899 டாலர். லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு டிஜிட்டல் கேமரா ஆயிரம் டாலருக்குக் கீழே வந்து கடைகளில் அலைமோதவைத்தது அதுதான். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் 10 அங்குலப் பிரிண்டுக்கு அதில் குறையே இருக்காது. அடுத்த வருஷமே நிக்கான் டி70 எதிரில் வந்து நின்றது. 2003 என்று சொன்னவர் இந்தக் கட்சி.

இருந்தாலும் அன்றைய வீட்டுக்காரரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதே ரகத்துப் பிலிம் கேமரா 300 டாலர், டிஜிட்டல் 900 என்றால் 600 டாலர் கூடுதல். ரோல், கழுவுதல், பிரிண்ட் எல்லாம் சேர்த்து ரோலுக்குப் பத்து டாலர் என்றால், 60 ரோலில் அந்தக் காசு வரும். வருஷத்துக்கு நாலு ரோல் எடுக்கிற வீட்டுக்கு 15 வருஷம்! அதற்குள் கேமரா செத்துவிடும். காகிதத்தில் பார்த்தால் பிலிம்தான் லாபம். அப்படியும் ஜனங்கள் டிஜிட்டலுக்குப் போனார்கள். ஏனென்றால் ஒரு படத்துக்குச் செலவு இல்லை என்று ஆனவுடன் வருஷத்துக்கு 144 படம் எடுத்தவர் ஒரே கல்யாணத்தில் 500 எடுத்தார். பழைய ஆளை வைத்துப் போட்ட கணக்கு புதிய ஆளுக்குப் பொருந்தவில்லை.

கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். பிலிம் காலத்தில் ஒவ்வொரு அழுத்தும் காசு. மேடையேறுகிற ஒவ்வொரு உறவினர் கூட்டத்துக்கும் ரோல் செலவழித்தால் கட்டுபடியாகாது. எடுக்கவில்லை என்றால் சித்தப்பா கோபித்துக்கொள்வார். அதற்குச் சிலர் கண்டுபிடித்த வழி: பிளாஷ் மட்டும் அடிப்பது. வெளிச்சம் பளிச்சென்று விழும், சித்தப்பா திருப்தியாக இறங்கிப் போவார், ஆல்பம் வந்தபின் தன் படத்தைத் தேடுவார். டிஜிட்டல் வந்தபின் இந்தத் தந்திரத்துக்கு வேலை போய்விட்டது.

தரத்தில் கடைசி வரை பிலிம் விட்டுக்கொடுக்காத ஒரு இடம் உண்டு. வெயிலில் வெள்ளை வேட்டி. குடம் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் அது நிரம்பிய குடம்தான். கொஞ்சம் வெளிச்சம் கூடிப்போனால் வேட்டியின் மடிப்பெல்லாம் காணாமல் போய், இடுப்புக்குக் கீழே ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் அந்த மடிப்பு திரும்ப வராது, ஏனென்றால் பதிவாகவே இல்லை. நெகட்டிவ் பிலிம் அப்படிச் சட்டென்று நிரம்பாது. நிறைய நிறைய மெதுவாகத்தான் நிறையும். தப்பாக எடுத்த படத்தையும் லேப்காரர் பிரிண்ட் போடும்போது சரிக்கட்டிவிடுவார். ஆரம்பகால டிஜிட்டல் படங்களில் வானம் வெளுத்துக் கிடப்பதும், வழுக்கைத் தலைகள் டியூப்லைட் மாதிரி எரிவதும் இதனால்தான். மெகாபிக்சல் சண்டையில் யாரும் இதைப் பெட்டியின் மேல் அச்சடிக்கவில்லை.

இருட்டில் நிலைமை தலைகீழ். பிலிமில் 800, 1600 என்று வேகம் கூட்டினால் துகள்கள் ரவை மாதிரி தெரியத் தொடங்கும். பழைய சென்சார்களும் அப்படித்தான், கூடவே கலர் கலராகப் புள்ளி தெறிக்கும். ஆனால் சென்சார்கள் மேலும் மேலும் சுத்தமாகிக்கொண்டே வந்தன. 2007இல் வந்த நிக்கான் டி3 முழு நெகட்டிவ் அளவுச் சென்சாரோடு 12 மெகாபிக்சல்தான், அதற்கு நாலு வருஷம் முந்திய 300டியைவிட இரண்டே மடங்கு. ஆனால் 6400 ஐஎஸ்ஓவில் (பிலிமின் 800, 1600 மாதிரியான வேக எண்தான் இது) அது எடுத்த படத்தோடு மோத எந்தக் கலர் பிலிமும் இல்லை. பிளாஷ் இல்லாமல் அகல் விளக்கு வெளிச்சத்தில் முகம் எடுப்பது சுலபமானது அதற்குப் பிறகுதான். 2007 என்பவர் இதைச் சொல்கிறார்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்து முடிந்தது. 2006இல் நிக்கான் இரண்டு மாடல்களை வைத்துக்கொண்டு மற்ற பிலிம் கேமராக்களை நிறுத்துவதாக அறிவித்தது. 2009இல் கோடாக்கின் பேர்பெற்ற கலர் பிலிமான கோடாக்ரோம் நின்றது. அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிறு ஊரில், 2010 டிசம்பர் 30 வரை ரோல்களை வாங்கிக்கொண்டது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டது. அதற்குள் கேமரா சண்டையே செல்போனுக்குள் போய்விட்டது.

பிடிக்கவே இல்லை என்று சாதிப்பவரையும் அலட்சியப்படுத்த வேண்டாம். அவர் துகளின் அழகைச் சொல்கிறார், அல்லது உள்ளங்கை அளவுக்குப் பெரிய பிலிமில் மலை எடுப்பவராக இருப்பார். அந்த அளவில் ஒரு சென்சார் வெட்டினால் தட்டில் எத்தனை தேறும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அவரை நம்பி 2024இல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு பிலிம் கேமராவைக் கொண்டுவந்தது. ஒரு படம் விழுகிற இடத்தில் பாதியையே பயன்படுத்துகிற வகை. 36 படம் விழுகிற ரோலில் 72 படம். அப்பா பார்த்திருந்தால் 73ஆவதுக்கு லீவரைத் தள்ளியிருப்பார்.

வெள்ளியும் முழுசாகப் போய்விடவில்லை. கலர் லேபில் உங்கள் செல்போன் படத்தை 6க்கு 4 பிரிண்ட் போடக் கொடுத்தால், பல லேப்களில் அது மை தெளித்து வருவதில்லை. மெஷின் உள்ளே லேசரால் அந்தப் படத்தை வெள்ளி உப்பு பூசிய போட்டோ காகிதத்தின் மேல் வரைகிறது. பிறகு காகிதம் பழையபடி ரசாயனத் தொட்டிகளில் இறங்கிக் கழுவி, காய்ந்து, கொஞ்சம் சூடாகக் கைக்கு வருகிறது.